ஆட்காட்டியின் முறை

மனம் நெஞ்சில் இருக்கிறதா, மண்டையில் இருக்கிறதா என்று பண்டிதர்கள் நெடுங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு மனம் மட்டும் இருந்த அந்தக் காலத்தில் இந்தச் சண்டைக்கு இடமே இருக்கவில்லை. அன்று கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: இந்த மாதம் அது யாரிடம் இருக்கிறது?

ஏரித் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குப் பாய்ச்சுவதுபோல, அந்த ஒற்றை மனத்தை எல்லா உயிர்களும் முறை வைத்துப் பயன்படுத்தின. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஓர் உயிருக்கு. பிறகு வரிசையில் அடுத்ததற்கு. மற்ற நாட்களில் மனம் இல்லாமல் எப்படி வாழ்ந்தன என்று கேட்கலாம். நன்றாகவே வாழ்ந்தன. பசி வயிற்றுக்குத் தெரியும். அச்சம் காலுக்குத் தெரியும். குட்டியின் வாசனை மூக்குக்குத் தெரியும். பேச்சும் இருந்தது, எல்லா உயிர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்டன. பேசுவதற்கு மனம் வேண்டாமா என்று ஐயப்படுபவர்கள் ஏதாவது ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

மனம் இல்லாதவர்களிடம் இல்லாமல் போனது நேற்றும் நாளையும்தான். அவை இல்லாததால் 'ஏன்' என்ற கேள்வியும் இல்லை.

முறை வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தூக்கணாங்குருவி தன் முறையில் அலகால் யோசித்தது, கூடு பிறந்தது. சிலந்தி கால்களால் யோசித்தது, வலை பிறந்தது. மனம் போன பிறகும் அலகும் காலும் கற்றதை மறக்கவில்லை. எருமை தன் முறை முழுவதும் ஆழ்ந்து யோசித்து, சேற்றில் கிடப்பதைவிடச் சிறந்தது உலகில் எதுவுமில்லை என்ற முடிவுக்கு வந்தது. இந்த முடிவை மறுத்து இதுவரை யாரும் உருப்படியாக எதுவும் சொல்லிவிடவில்லை.

மனம் கைமாறும் இடம் ஆற்றங்கரையில் இருந்த தட்டைப் பாறை. நேரம், பௌர்ணமி நாளின் உச்சிப்பொழுது. நடத்தி வைப்பது பல்லி. ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும் வித்தையைத் தன் முறையில் கண்டுபிடித்திருந்ததால், பதவியில் நீண்டகாலம் இருக்கத் தகுந்த ஆள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நடைமுறை எளிது. பல்லி ஒருமுறை நாக்கைச் சொடுக்கும். புறப்படு என்று பொருள். உடனே மனத்தை வைத்திருப்பவரின் வாய் தானாக அகலத் திறக்கும். அதுதான் கொட்டாவி. எதிரே அடுத்த முறைக்காரர் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். மனம் இந்த வாயிலிருந்து அந்த வாய்க்குத் தாவும். பல்லி இரண்டாம் முறை சொடுக்கும். சேர்ந்தாயிற்று என்று பொருள். அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் எந்த வாய் பக்கத்தில் இருக்கிறதோ, அதற்குள் இறங்கி மனம் படுத்துவிடும். பல்லிக்கு விதி தெரியும். விதிக்குக் காரணம் தெரியாது. ஓர் அதிகாரிக்கு அது போதும்.

எருமையின் முறை முடிந்து மனிதர்களின் முறை வந்தது. கோடை முடிந்து முதல் மழை விழுந்திருந்த சமயம். பாறைமேல் யார் ஏறுவது என்ற பேச்சு வந்தபோது மனிதர்கள் எல்லோரும் மீன் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சாயி என்ற பெண் மட்டும் தின்று முடித்திருந்தாள். அதனால் இடுப்பில் சிட்டு என்ற கைக்குழந்தையோடு அவள் ஏறினாள்.

பல்லி சொடுக்கியது. எருமை வாயைத் திறந்தது. ஒச்சாயியும் திறந்தாள். பல்லி மறுபடி சொடுக்கியது.

முதலில் சேற்று வாசம் வந்தது. அதன் பின்னால் நேற்று வந்தது. அதன் பின்னால் முந்தாநாள், போன மழை, அதற்கு முந்திய மழை, தன் அம்மாவின் முகம் என்று, படல் திறந்த பட்டியிலிருந்து ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு வருவதுபோல எல்லாம் வந்தன. அவள் ஆற்றைப் பார்த்தாள். இதே ஆறு நேற்றும் ஓடியது. நாளையும் ஓடும். அவள் இல்லாதபோதும் ஓடும். உடம்பு முழுவதும் மயிர் குத்திட்டு நின்றது. பாறையிலிருந்து குதித்து, மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த கணவன் தவசியிடம் ஓடினாள்.

"ஏய்யா, இந்த ஆறு எங்கேருந்து வருது?"

"அங்கேருந்து." தவசி மேற்கே கை காட்டினான்.

"அங்கே எங்கேருந்து வருது?"

"மீன் ஆறுது புள்ள."

"வானம் எங்கே முடியுது? முடிஞ்ச பிறகு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தப் பக்கமும் நல்ல மீன்தான் இருக்கும்" என்றான் தவசி. அவனிடம் மனம் இல்லை. ஆனால் கணவனாக இருக்கும் திறமைக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த சில நாட்கள் ஒச்சாயி நடக்கவில்லை, ஓடினாள். எறும்புப் புற்றைக் கண்டால் குப்புறப் படுத்துப் பார்த்தாள். தன் நிழலை மிதிக்க முயன்று, முடியாது என்று கண்டுபிடித்து, கைதட்டிச் சிரித்தாள். சிட்டுவின் உள்ளங்கையை விரித்துத் தன் உள்ளங்கையோடு ஒட்டி வைத்து, ஒரே மாதிரி கோடுகள் ஏன் ஓடுகின்றன என்று அரைநாள் யோசித்தாள். ஒவ்வொரு கேள்வியும் குட்டி போட்டது. குட்டிகளும் குட்டி போட்டன.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆற்றுமேட்டில் ஓரிடத்தில் சாமைப் பயிர் தனித் திட்டாக முளைத்திருப்பதைக் கண்டு நின்றாள். சுற்றிலும் இல்லை, அங்கே மட்டும். ஏன் அங்கே மட்டும்? போன மழைக்கு அதே இடத்தில் உட்கார்ந்துதான் அவள் காட்டுச் சாமையைக் குத்திப் புடைத்தாள். சிந்தியது. சிந்தியதுதான் முளைத்திருக்கிறது. அப்படியானால் வேண்டுமென்றே சிந்தினால்?

தவசியிடம் சொல்ல ஓடினாள். பாதி வழியில் கால்கள் நின்றுவிட்டன. அதே நினைவின் ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது. அவள் சாமை குத்தும்போது பக்கத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து, சிந்திய மணிகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேச்சி" என்றாள் ஒச்சாயி.

"யாரு அது?" என்றான் தவசி.

"நம்ம மூத்தவ. போன கோடையிலே கிழங்குகூடக் கிடைக்கலையே, அப்போ போயிட்டாளே."

"நமக்குச் சிட்டு ஒண்ணுதானே புள்ள."

அவன் பொய் சொல்லவில்லை. இரக்கமில்லாதவனும் இல்லை. அவனிடம் நேற்று இல்லை, அவ்வளவுதான். தன் மடியில் தலை வைத்துத் தூங்கிய ஒருத்தி அவனுக்கு இருந்ததே இல்லை. மனம் வருவதற்கு முன் ஒச்சாயிக்கும் அப்படித்தான். மனம் போனால் மறுபடியும் அப்படித்தான்.

அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்தாள். பிறகு இடுப்பில் இருந்த சிட்டுவைப் பார்த்தாள். நேற்று என்று ஒன்று இருந்தால் நாளையும் இருக்கும். அந்த நாளையில் இன்னொரு கோடையும் இருக்கும்.

எழுந்தாள். கிழங்கு தோண்டும் கழியை எடுத்து ஆற்றுமேட்டைக் கிளறத் தொடங்கினாள். கூடைப் பின்னல் இடுக்குகளில் சிக்கிக் கிடந்த சாமையை உதறித் தூவினாள். அவள் தூவத் தூவ, தவசி பின்னால் வந்து பொறுக்கித் தின்றான்.

"யோவ், அதைத் தொடாதே."

"சாப்பாட்டை எதுக்குப் புதைக்கிறே?"

"புதைக்கலே. போட்டு வைக்கிறேன். ஒண்ணு நூறாத் திரும்பி வரும்."

"வரட்டும். எங்கே?"

"இங்கேதான். மழை ஓஞ்ச பிறகு."

தவசி மண்ணை உற்றுப் பார்த்தான். "இப்போ ஒண்ணும் இல்லையே" என்றான். அதற்கு மேல் அவனிடம் விளக்குவது வீண் என்று அவனை மீன் பிடிக்க அனுப்பிவிட்டாள்.

பயிர் முளைத்தது. பச்சை நுனிகளைக் கண்ட அன்று ஒச்சாயி சிட்டுவைத் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். ஆடி முடித்ததும்தான் கணக்கு நினைவுக்கு வந்தது. கதிர் முற்ற இன்னும் பல வாரம் ஆகும். அவளுடைய முறையோ வரும் பௌர்ணமியோடு முடிகிறது. மனம் போனதும் இந்த மேட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. பசித்தால் தன் கையாலேயே இந்த நாற்றைப் பிடுங்கித் தின்பாள். சிட்டுவுக்கும் ஊட்டுவாள்.

பல்லியிடம் போனாள்.

"அண்ணே, எனக்கு இன்னும் ரெண்டு முறை சேர்த்து வேணும்."

"முறைன்னா ஒண்ணு" என்றது பல்லி.

"பயிர் விளையணும் அண்ணே."

"தூக்கணாங்குருவி அலகைப் பாரு. மனம் இல்லாமலே கூடு கட்டுது. நீயும் கைக்குப் பழக்கிக்க."

"தூவறதைக் கைக்குப் பழக்கலாம். களை எடுக்கிறதைப் பழக்கலாம். காத்திருக்கிறதை எந்தக் கைக்குப் பழக்குறது?"

பல்லி விதியை மறுபடி சொன்னது. "அடுத்தது மஞ்சக்காலி. வேணும்னா அதுகிட்டே கேளு."

மஞ்சக்காலி என்று பல்லி சொன்னது ஒரு பறவையை. நீண்ட மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, கறுத்த நெஞ்சு. இன்று அதை ஆட்காட்டி என்கிறோம்; அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது இனிமேல்தான் தெரியும். ஆற்றோரப் பொட்டலில் அது ஓடுவதும் நிற்பதுமாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உன் முறையை எனக்கு விட்டுக் கொடுக்கிறியா?"

"மாட்டேன் அக்கா. எனக்கு முட்டை வருது."

"முட்டைக்கு மனம் எதுக்கு?"

மஞ்சக்காலி ஓடி நின்றது. "எருமைக் குளம்புச் சத்தம் கேட்டா என் வயிறு சுருங்குது. என்னன்னு தெரியலே. அடுத்தது நீதான்னு பல்லி அண்ணன் சொல்லிருச்சு. மனம் வந்தா என்னன்னு தெரியுமாம்."

ஒச்சாயிக்குத் தெரியும். போன வருடம் இதே பொட்டலில் எருமைகள் நடந்து போன தடத்தில் நசுங்கிய முட்டை ஓடுகளை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்திய வருடமும். இந்தப் பறவைக்கும் ஒரு பேச்சி இருந்தாள். அவளை நினைக்க ஆள் இல்லை.

"உனக்கும் சேர்த்து நானே யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஒச்சாயி அவசரமாக. "தரையிலே போடாதே. மரத்திலே போடு."

"என் கால் மரத்திலே நிக்காதே. பின்விரல் பேருக்குத்தான் இருக்கு. கிளையைப் பிடிக்க வராது."

"அப்போ பாறை இடுக்கிலே போடு."

"குஞ்சு பொறந்த அன்னைக்கே ஓடும். இடுக்கிலே எங்கே ஓடும்?" பறவை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "நீ உன் காலைக் கேட்டு யோசிக்கிறே அக்கா. என் காலைக் கேட்டு யோசிக்கணும். அதுக்கு அது என்கிட்டே வரணும்."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை விளக்கிய பண்டிதரை நான் இன்னும் படிக்கவில்லை. ஒச்சாயிக்கும் அது சரி என்று பட்டது. சரி என்று பட்டதால் மேலே கேட்காமல் திரும்பி நடந்தாள்.

பௌர்ணமிக்கு முந்திய நாள். சிட்டு அழுதது. ஒச்சாயி அதன் முகத்துக்கு முன்னால் விரலைச் சொடுக்கி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். களைப்பில் அவளுக்கு லேசாக வாய் திறந்தது. முறை முடியப்போகிறது என்பது மனத்துக்கும் தெரியும் போலிருக்கிறது. தொண்டைவரை எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அவள் விரல் சொடுக்கியது. மனம் சட்டென்று உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டது.

ஒச்சாயி வாய்க்கு முன்னால் இன்னொரு முறை சொடுக்கிப் பார்த்தாள். அச்சு அசலாகப் பல்லியின் நாக்குச் சத்தம்.

மறுநாள் உச்சிப்பொழுது. பாறையைச் சுற்றிக் காடே கூடியிருந்தது. எருமை, கழுதை, கரடி, நாரை, உடும்பு எல்லோரும் வந்திருந்தார்கள். ஒச்சாயி பாறைமேல் நின்றாள். எதிரே மஞ்சக்காலி ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மாற்றி, மறுபடி மாற்றி, இருப்புக் கொள்ளாமல் தவித்தது. பிறந்ததே இந்த ஒரு நாளுக்குத்தான் என்பதுபோல அலகை அகலமாகத் திறந்துகொண்டது.

பல்லி சொடுக்கியது.

ஒச்சாயியின் வாய் திறந்தது. மனம் எழுந்தது. நெஞ்சைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, நாக்கின் நுனிக்கு வந்தது. பேச்சியின் முகம் கலங்கத் தொடங்கியது. மேடு எந்தப் பக்கம் என்பது மறந்தது. ஏன் இங்கே நிற்கிறோம் என்பதும் மறந்தது. மறக்காதது கை மட்டும். பல்லி சொன்னபடி அவள் கைக்குப் பழக்கியிருந்தாள். கை தானாக வாய்க்கு முன்னால் எழுந்து விரலைச் சொடுக்கியது.

சேர்ந்தாயிற்று என்று எண்ணிய மனம், பக்கத்தில் இருந்த வாய்க்குள் இறங்கிப் படுத்தது. பக்கத்தில் இருந்தது ஒச்சாயியின் வாய்.

பல்லிக்கும் சத்தம் கேட்டது. அது தான் போட்ட சத்தமா, பிறர் போட்டதா என்று யோசிக்கப் பல்லியிடம் மனம் இல்லை. சத்தம் வந்தது, எனவே காரியம் முடிந்தது. மஞ்சக்காலி அலகை மூடிக்கொண்டு, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பெருமிதத்தோடு இறங்கிப் போனது.

மனம் இல்லாதவருக்குத் தன்னிடம் மனம் இல்லை என்பது தெரியாது. இந்த வசதியால்தான் உலகம் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. மஞ்சக்காலி பொட்டலில் அங்கும் இங்கும் கம்பீரமாக நடந்தது. "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று கழுதையிடம் சொன்னது. வழக்கமான இடத்தில், வழக்கம்போல வெறுந்தரையில், நான்கு முட்டைகள் இட்டது. "யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றது. கழுதைக்கு அது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

ஒச்சாயியின் மேட்டில் பயிர் முழங்கால் உயரம் வளர்ந்தது. களை எடுத்தாள். கிளிகளை விரட்டினாள். ஒவ்வொரு தாளையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். மறுபடி பௌர்ணமி வந்தது. அன்று காலையில் எருமை வந்தது.

சேற்றுக்குப் போகிற வழியில் பச்சையைக் கண்டு மேட்டில் கால் வைத்தது. ஒச்சாயி கழியோடு ஓடினாள். "போ அந்தப் பக்கம், போ" என்று முதுகில் ஓங்கி அடித்தாள். அதுவரை யாரும் எருமையை அடித்ததில்லை. அது மிரண்டு திரும்பி, பொட்டலின் குறுக்கே ஓடியது. மஞ்சக்காலி இறக்கையை விரித்துக்கொண்டு முட்டைகளின்மேல் நின்று கத்தியது. எருமைக்குப் பகை ஒன்றும் இல்லை. ஓடுகிற வழியில் முட்டைகள் இருந்தன.

ஒச்சாயி மேட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பயிரில் ஒரு தாள்கூடச் சாயவில்லை.

உச்சிப்பொழுதில் பாறைக்குப் போகாமல் இருந்தால் கேட்பார்கள் என்று போனாள். கூட்டத்தின் பின்வரிசையில், சிட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சக்காலி பாறைமேல் ஏறியது. அதன் காலில் முட்டைக்கரு ஒட்டியிருந்தது; மஞ்சள்மேல் மஞ்சள் என்பதால் ஒச்சாயியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. எதிரே அடுத்த முறைக்காரரான கழுதை வாயைத் திறந்து நின்றது.

பல்லி சொடுக்கியது. மஞ்சக்காலிக்குக் கொட்டாவி வரவில்லை.

பல்லி மறுபடி சொடுக்கியது. கழுதை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

பின்வரிசையில், மனம் இருந்த இடத்தில், முதல் சொடுக்கிலிருந்தே ஒரு வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. பற்களைக் கடித்துப் பார்த்தாள். உதட்டை இறுக்கிப் பார்த்தாள். முடியவில்லை. காடு முழுவதும் திரும்பிப் பார்க்க, ஒச்சாயி தாடை கழலக் கொட்டாவி விட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை எழுந்து வாய்க்கு முன்னால் சொடுக்கியது.

மஞ்சக்காலி பாறையிலிருந்து இறங்கி அவள் எதிரே வந்து நின்றது.

"அக்கா, அப்போ நான் யோசிக்கவே இல்லையா?"

ஒச்சாயி தலை குனிந்தாள்.

"யோசிச்சும் இப்படித்தான் ஆகும்போலன்னு இருந்தேன்" என்றது மஞ்சக்காலி.

"தங்கச்சி, கதிர் அறுத்ததும் தந்துடறேன். என் குழந்தைமேல ஆணை. இன்னும் கொஞ்ச நாள்தான்."

உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் வாக்குறுதி என்பது முழுக்க முழுக்க நாளையால் செய்யப்படுவது. அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரிடமும் நாளை இல்லை. அவர்களால் கோபப்படவும் முடியவில்லை. கோபத்தை மறுநாள்வரை வைத்திருக்க மனம் வேண்டும். அச்சத்துக்கு உடம்பே போதும். முதலில் கரடியின் கால்கள் பின்வாங்கின. பிறகு நாரை எழுந்தது. பிறகு எல்லோரும். ஒச்சாயி ஓர் அடி முன்னே வைத்தால் காடு பத்து அடி பின்னே போயிற்று. மனிதரோடு பேசுவதையும் அன்றே நிறுத்திக்கொண்டார்கள். அதை யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. தூரம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

போகாமல் நின்றது பல்லி மட்டும். "முறை முடியலே" என்றது. ஒச்சாயியின் பின்னாலேயே வந்து அவள் குடிசைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கதிர் முற்றியது. அறுத்துக் குவித்தபோது தவசி குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்கேருந்து வந்துச்சு இவ்வளவும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மனிதக் கூட்டம் முழுவதும் வயிறாரத் தின்றது. கோடை வந்தது. கிழங்கு கிடைக்கவில்லை, மீன் கிடைக்கவில்லை. குடிசையில் சாமை இருந்தது. அந்தக் கோடையில் சிட்டு நடக்கக் கற்றுக்கொண்டாள்.

அறுவடை முடிந்த பிறகும் ஒச்சாயி மனத்தைத் தரவில்லை. அடுத்த விதைப்பு இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. நாளை என்பதில் இதுதான் சிக்கல். அது முடிவதே இல்லை. மனமோ உடம்புக்கு உடம்பு தாவிப் பழகியது. ஒரே உடம்பில் அடைந்து கிடந்ததில், கரைத்து வைத்த மாவுபோலப் பொங்கிப் புளித்தது. அவள் படுத்தால் அது படுக்கவில்லை. நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டியது. நடக்காததை அதைவிட நன்றாக நடத்திக் காட்டியது.

ஒரு மதியம். சுவரில் பல்லி வழக்கம்போலச் சொடுக்கியது. ஒச்சாயிக்குக் கொட்டாவி வந்தது. களைப்பில் விரல் சற்றே தாமதித்தது. பக்கத்தில் படுத்திருந்த தவசி அப்போது வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். குடிசையைப் பார்த்தான். ஒச்சாயியைப் பார்த்தான்.

"பேச்சி" என்றான்.

பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "இதை ஏன் புள்ள எனக்குக் கொடுத்தே?" என்றான். அதுதான் அவன் வாழ்வின் முதல் 'ஏன்'.

"கொடுக்கலேய்யா. தானா வந்துச்சு" என்ற ஒச்சாயி, பேச்சை நிறுத்திவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று இருந்தது. நாளை இருந்தது. ஆற்றுமேடு, பேச்சியின் முகம், எல்லாமே இருந்தன. அவனுக்குப் போயும் அவளிடம் ஒன்றும் குறையவில்லை. ஒரு கரண்டி மோர் விட்டால் ஒரு பானைப் பால் உறைகிறது. மோர்ப் பானையில் மோர் குறைந்ததாகத் தெரிவதில்லை. புளித்துப் பொங்கிய மனம் அந்த நிலைக்கு வந்திருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். மனம் வந்த முதல் நாள் ஓடியதைப்போல ஓடினாள். யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. எருமைக்கு ஒன்று, கழுதைக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒன்று. முதலில் தங்கச்சிக்கு. காடு விலகிய பிறகு சோற்றுக்காக அவள் குடிசையை ஒட்டிக்கொண்டிருந்த நாயும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடியது.

பொட்டலில், வெறுந்தரையில், மஞ்சக்காலி புதிதாக இட்ட முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒச்சாயி தூரத்திலேயே மண்டியிட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் பழக்கத்தில் சொடுக்கிவிடக் கூடாது. முழங்காலாலேயே நகர்ந்தாள்.

"தங்கச்சி, வாயைத் திற. உன் முறை."

வாயை அகலத் திறந்தாள். கொட்டாவி வந்தது.

மஞ்சக்காலிக்குப் பழையது எதுவும் நினைவில் இல்லை. ஒச்சாயி யார் என்றும் தெரியாது. கால்களுக்கு மட்டும் தெரிந்தது. அது விருட்டென்று எழுந்து, மண்டியிட்டிருந்தவளின் தலைக்கு மேலே வட்டமிட்டு, ஆள் வந்திருக்கிறது என்று ஆற்றுக்கு இரு கரையும் கேட்கும்படி கத்தியது. மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடின. ஒச்சாயி திறந்த வாயோடு கழுத்து வலிக்கும்வரை அப்படியே இருந்தாள். பறவை இறங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நாய்தான் அவளைப் பார்த்துப் பார்த்துத் தன் வாயைத் திறந்தது. அதற்குள் ஒரு துளி போனது.

அந்த மதியத்திலிருந்துதான், ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவரின் வாயும், வீட்டு நாயின் வாயும் முறைக்குக் காத்திருப்பதுபோலத் தானாகத் திறக்கின்றன. கொட்டாவி விடுகிறவர் கை, ஏன் என்று தெரியாமலே எழுந்து விரலைச் சொடுக்குகிறது. ஆட்காட்டி இன்றும் வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது, மனிதத் தலை தெரிந்ததும் காட்டுக்கே சொல்லிவிடுகிறது. சுவரில் பல்லி சொல்லும்போதெல்லாம் நாம் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எந்தத் திசைக்கு என்ன பலன் என்று தேடுகிறோம். எல்லாத் திசைக்கும் பலன் ஒன்றுதான். நம் முறை முடிந்து வெகுநாள் ஆகிறது.